சேர்வராயன் மலையும் பசுமைத் தொழிலும்



"பசுமைத் தொழில்" என்னும் சொற்றொடரை நீங்கள் இப்போது அடிக்கடி கேட்கிறீர்கள். 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் பிறருடன் கூடி இதைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டன. நம் நாட்டில் 2015இல் இத்தகைய தொழில்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்றே ஒரு திறன் மன்றம் அமைக்கப்பெற்றது. எனவே, சொல் புதியதுதான். ஆனால் அது குறிக்கும் பொருள் புதியதா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பசுமைத் தொழிலுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. நிலம், நீர், காற்று, காடு ஆகியவற்றைக் கெடுக்காமல் காப்பது ஒன்று. அத்தொழிலைச் செய்பவனுக்கு நேர்மையான கூலியும் மதிப்பான வாழ்வும் தருவது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். காட்டைக் காத்துக் காட்டில் வாழ்பவனைப் பட்டினி போடுவது பசுமைத் தொழில் ஆகாது. அவன் வயிற்றை இன்று நிரப்பிவிட்டு, அவன் பேரனுக்குரிய காட்டை அழிப்பதும் பசுமைத் தொழில் ஆகாது.

இந்தக் கருத்தை நெடுங்காலத்திற்கு முன்பே எடுத்துரைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றவர் அவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி 1945இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் செல்வத்தை இருவகையாகப் பிரித்தார். சுரங்கத்துக் கனிமம்போல, எடுக்க எடுக்கக் குறைந்து ஒருநாள் தீர்ந்துபோவது ஒருவகை. காடும் ஆறும்போல, அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் ஊறிக்கொண்டே இருப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையைச் சார்ந்து வாழும் சமுதாயமே நிலைத்து வாழும் என்பது அவருடைய முடிவு.

இந்த உண்மையை நம் அருகிலுள்ள ஒரு மலையை வைத்து இன்று ஆராய்வோம். சேலம் நகரிலிருந்து வடக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு வந்துவிடும். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள முடி இன்னும் சற்று உயரமானது. ஏறக்குறைய 1,620 மீட்டர். சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. மேலே ஒரு மரம் நிற்பதும் விழுவதும் கீழே ஒரு கிணறு ஊறுவதையும் வற்றுவதையும் பொறுத்த செய்தி என்பதை மறந்துவிடலாகாது.

சுற்றுலாவாக வருபவர்கள் ஏரியையும் படகுகளையும் கோடை விழா மலர்க் காட்சியையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மநத்தம் முதலிய சிற்றூர்களை அவர்கள் காண்பதில்லை. அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரள நாட்டவர் என்று கருதவேண்டா. மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் பழங்கதை.

இந்த மலையின் செல்வங்களுள் முதன்மையானது காப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்தில் ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் என்பவர் அதை இங்கே கொண்டுவந்தார். காப்பி வாரியம் நம் நாட்டுக் காப்பியை வட்டாரங்களாகப் பிரித்துப் பெயரிட்டபோது சேர்வராயனையும் ஒரு தனி வட்டாரமாகவே குறித்தது. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். நிழல் தரும் மரத்தின்மீது மிளகுக் கொடி ஏறுகிறது. இடையிடையே பலாவும் பிற பழமரங்களும் நிற்கின்றன. ஒரே நிலத்தில் மூன்று அடுக்குகளில் விளைச்சல்! இவ்வளவு வளமுள்ள மலையில் வறுமைக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். அந்த வினாவே இன்றைய பேச்சின் உயிர்நாடி.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குக் கற்பித்தவன். ஆகையால் விடையையும் கணக்கின் வழியாகவே காண விரும்புகிறேன். ஏறக்குறைய ஆறு கிலோ காப்பிப் பழத்திலிருந்து ஒரு கிலோ சுத்தமான காப்பிக் கொட்டை கிடைக்கும். அதை வறுத்தால் எடையில் ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். பழத்திற்கும் தூளுக்கும் இடையே என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சிவந்து பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அன்றைக்கே தோலை நீக்க வேண்டும். வழவழப்பு நீங்க ஊறவைத்துக் கழுவ வேண்டும். களத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, பனியிலும் மழையிலும் நனையாமல் உலர்த்த வேண்டும். பிறகு உமி நீக்கிச் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். வறுக்க வேண்டும், அரைக்க வேண்டும், கட்ட வேண்டும், எடை போட்டு விற்றுக் கணக்கெழுத வேண்டும். இந்த வரிசையில் முதல் வேலையை மட்டும் செய்பவனுக்கு மிகக் குறைந்த பங்கு. ஒவ்வொரு படியிலும் பொருளின் எடை குறைகிறது; மதிப்போ ஏறுகிறது. மலையில் பிறந்த காப்பி, பழமாகவோ அரைகுறையாக உலர்ந்த கொட்டையாகவோ மலையை விட்டு இறங்கும்போது, எஞ்சிய வேலைகள் அனைத்தும் அதனுடன் சேர்ந்து இறங்கிவிடுகின்றன. வேலை இறங்கிய வழியிலேயே இளைஞனும் இறங்குகிறான்.

மிளகின் கதையும் இதுவே. பச்சை மிளகு மூன்று கிலோ உலர்ந்தால் கறுப்பு மிளகு ஒரு கிலோ ஆகும். உலர்ந்த மிளகு பூஞ்சணம் பிடிக்காமல் காத்தால் பல மாதம் கெடாது. விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். ஆயினும் பல சிறு விவசாயிகள் கொடியில் இருக்கும்போதே விற்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என்னிடம் படித்த மலைச் சிறுவன் ஒருவன் ஒருமுறை எனக்கு இதை விளக்கினான். "ஐயா, ஆடி மாதம் அப்பா வியாபாரியிடம் பணம் வாங்கிவிட்டார். காய் அவர் சொன்ன விலைக்குத்தான் போகும்" என்றான். பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவன் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டான்.

இளைஞர்களே, இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏழைக்கு இல்லாதது அறிவும் அன்று, உழைப்பும் அன்று, காத்திருக்கும் வலிமையே. உலர்த்தக் களம் இல்லை. சேர்த்துவைக்கக் கிடங்கு இல்லை. விலை ஏறும்வரை அடுப்பெரியக் கையில் காசு இல்லை. காத்திருக்க முடிந்தவனுக்கே சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது. மரத்தின் கதியும் இதைப் பொறுத்ததே. நிழல் மரம் ஒன்று பல்லாண்டு நின்று பயன் தருவது. காத்திருக்க முடியாதவன் அதை இன்றே வெட்டி விற்கிறான். நிழல் குறைந்த தோட்டத்தில் அராபிகாச் செடியை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு எளிதில் தாக்குகிறது. மரத்தை இழந்தவன் செடியையும் இழக்கிறான். ஆகவே வறுமையை நீக்குவதும் பசுமையைக் காப்பதும் இரண்டு வேலைகள் அல்ல. காத்திருக்கும் வலிமையைத் தரும் ஏற்பாடு எதுவோ, அது இரண்டையும் ஒருங்கே செய்கிறது.

"தொழில் வேண்டுமென்றால் பெரிய ஆலையோ சுரங்கமோ வந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பர். இம்மலையில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது உண்டு. மேட்டூரில் அமைந்த அலுமினிய ஆலைக்காக அது இங்கே வெட்டியெடுக்கப்பட்டது. தாது என்பது குமரப்பா கூறிய முதல்வகைச் செல்வம். வெட்டும்வரை கூலி உண்டு; வெட்டி முடிந்தால் குழிதான் மிஞ்சும். மலை உச்சியின் மண் மழைநீரை உறிஞ்சித் தேக்கிவைத்து ஊற்றுகளாக வெளியிடுகிறது. அந்த மண்ணையே அள்ளிவிட்டால் ஊற்றும் ஒழியும். மலையைக் கல்லி எலியைப் பிடித்த கதையாக அது முடிந்துவிடக் கூடாது.

மறுபுறம், மலையில் வேலையே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல் துறை கூறியது. இறந்தவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் மலைப்புற ஏழைகள். அந்த நிகழ்ச்சியின் நியாயத்தை நீதிமன்றம் ஆராயட்டும். கூலிக்காக அயல்காட்டுக்கு உயிரைப் பணயம் வைத்துப் போகும் நிலை ஒரு மனிதனுக்கு ஏன் வந்தது என்பதை ஆராய்வது நம் எல்லோருடைய கடமை.

இனி, பிற இடங்களில் மக்கள் என்ன செய்தனர் என்று பார்ப்போம். சேர்வராயன் எந்தத் தொடரைச் சேர்ந்ததோ, அதே கிழக்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பழங்குடிகள் காட்டை எரித்துப் பயிரிடும் வழக்கம் உடையவர்களாக இருந்தனர். அதற்கு மாற்றாக மரநிழலில் காப்பி பயிரிடும் முறை பரப்பப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, பழத்தைத் தரம் பார்த்து வாங்கி, ஒரே முறையில் பதப்படுத்தத் தொடங்கினர். 2017இல் அந்தக் காப்பிக்குப் பாரிசு நகரில் ஒரு கடையே திறக்கப்பட்டது. 2019இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தனித்தனியே விற்றபோது பெயரில்லாத கொட்டை, சேர்ந்து விற்றபோது தன் ஊர்ப் பெயருடன் உலகச் சந்தையில் நின்றது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. அண்டையிலுள்ள கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் முன்பு மிகுதியாக விளைந்தன. சவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளி பரவவே, அவை பின்வாங்கின. அதற்கு ஒரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. சாமையைக் குற்றி உமி நீக்குவது பெண்களின் கைகளுக்குப் பெருஞ்சுமை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே பணிபுரிந்தபோது நல்ல விதைகளைச் சேர்த்துவைத்ததோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவந்தனர். மகளிர் குழுக்கள் தானியத்தை அரிசியாகவும் மாவாகவும் ஆக்கிப் பைகளில் இட்டு விற்கலாயின. ஒரு சிறிய எந்திரம் ஒரு பழைய பயிரைக் காத்தது. சில வேலைகளையும் தந்தது.

மேட்டூருக்கு அப்பால் கருநாடக எல்லையிலுள்ள மாதேசுவரன் மலையில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று காடுகளை மூடி, பிற செடிகளை வளரவிடாமல் நெருக்குகிறது. சோலிகர் என்னும் பழங்குடியினர் அதன் தண்டை வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, நாற்காலியும் மேசையும் முடையக் கற்றுக்கொண்டனர். காட்டுக்குக் களை நீங்கிற்று. கைக்கு வேலை கிடைத்தது. உண்ணிச்செடி நம் மலைகளிலும் புதர்புதராக மண்டிக் கிடக்கிறது.

நம் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மார்த்தாண்டத்தில் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் 1920களில் கிராமச் சீரமைப்புப் பணி தொடங்கினார். பெட்டிகளில் தேனீ வளர்க்கும் தொழில் அங்கு வேரூன்றியது. 1990களின் தொடக்கத்தில் ஒருவகை வைரசு நோய் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. ஆயினும் தொழிலைக் கூட்டாகக் கற்றிருந்த மக்கள் மீண்டும் எழுந்தனர். ஒரு தொழில் வாழ்வதற்குத் தேனீயும் பெட்டியும் மட்டும் போதா. அதைச் சூழ்ந்து கற்றவர்களும் சங்கமும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து சேர்வராயன் மலைக்கு வேண்டியவற்றைத் தொகுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஊருக்கு ஒரு பொதுக் களமும் கிடங்கும் தோல்நீக்கும் எந்திரமும். இரண்டாவது, பொருளைக் கொண்டுவந்து வைத்தவுடன் விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுக்கக்கூடிய சங்கம்; அதுவே வியாபாரியின் முன்பணத்திற்கு மாற்று. மூன்றாவது, தரத்தையும் எடையையும் காக்கும் கட்டுப்பாடு. நான்காவது, மலையின் பெயரால் விற்கும் ஒரே முத்திரை.

இவற்றிற்குச் சட்டத்திலும் திட்டத்திலும் இடம் இருக்கிறது. பழங்குடிகளுக்கென்றே பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டு மலைகளில் இயங்குகின்றன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கடுக்காய், மூங்கில் போன்ற சிறு வனப்பொருள்களின்மீது காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை அளித்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்னும் வகையிலிருந்து நீக்கி, அதை வெட்டவும் கொண்டுசெல்லவும் இருந்த தடையை 2017இல் மைய அரசு தளர்த்தியது. 2018இல் தொடங்கிய வன் தன் திட்டம் ஏறக்குறைய 300 பேரை ஒரு மையமாகச் சேர்த்து, வனப்பொருளைப் பதப்படுத்தி விற்க வழிசெய்தது. மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தமிழ்நாட்டில் 1989இல் நம் அண்டை மாவட்டமான தருமபுரியில்தான் அரசின் முயற்சியாகத் தொடங்கிற்று. எனவே விதை இல்லை என்று சொல்வதற்கில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் எச்சரிக்கை சிலவும் கூறியாக வேண்டும். உலகக் காப்பி நாடுகளுக்கிடையே இருந்த ஏற்றுமதிப் பங்கீட்டு ஒப்பந்தம் 1989இல் முறிந்தது. நம் நாட்டிலும் காப்பி வாரியமே அனைத்தையும் வாங்கி விற்ற முறை 1990களில் படிப்படியாக நீங்கி, 1996இல் முடிவுற்றது. விவசாயிக்குச் சுதந்திரம் வந்தது, பாதுகாப்புப் போயிற்று. 2000த்தை அடுத்த ஆண்டுகளில் விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் பெரிதும் துன்புற்றனர். ஆகவே ஒரே பயிரை நம்புவது தகாது. காப்பியோடு மிளகும், பலாவும், தேனும், தானியமும் இருக்கட்டும். காப்பிப் பழத்தைக் கழுவிய நீரை அப்படியே ஓடையில் விட்டால் ஓடை கெடும். பசுமைத் தொழில் என்ற பெயரே பொய்யாகும். பழத்தோலை எருவாக்கி, நீரைத் தேக்கித் தெளியவைத்தல் வேண்டும். சுற்றுலாவும் அவ்வாறே. வருகிறவர்களுக்கு வீட்டில் உணவளிப்பதும் வழிகாட்டுவதும் நல்ல தொழில்கள். நெகிழிக் குப்பையைப் பள்ளத்தாக்கில் கொட்டும் தொழில் நல்லது ஆகாது.

கூட்டுறவைப் பற்றியும் ஒரு சொல். சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் சங்கம் வாழ்ந்துவிடாது. பொறுப்பாளர் ஒருவரை மட்டும் நம்பி, உறுப்பினர் கணக்கைப் பாராதிருந்த சங்கங்கள் பல மூடிக் கிடக்கின்றன. எடைபோடும் தராசு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் எல்லோருக்கும் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணும் எழுந்து, "இந்தத் தொகை எங்கே போயிற்று?" என்று கேட்க முடிய வேண்டும். அப்படிக் கேட்கும் துணிவைத் தருவது கல்வி.

ஆகவேதான் மாணவர்களாகிய உங்களிடம் இதைச் சொல்கிறேன். இதுவரை நம் கல்வி, மலைப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கும் ஏணியாகவே பெரிதும் பயன்பட்டிருக்கிறது. இறங்கி உயர்ந்தவர்களை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் வெற்றியைக் கண்டு மகிழ்ந்தவன் நான். ஆனால் ஏணி ஏறுவதற்கும் உரியது. வணிகவியல் படிப்பவர் ஒரு மகளிர் குழுவின் வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்கலாம். வேதியியல் படிப்பவர் மிளகின் ஈரப்பதத்தை அளந்து காட்டலாம். பொறியியல் படிப்பவர் வெயிலில் இயங்கும் எளிய உலர்த்தியை அமைத்துத் தரலாம். தாவரவியல் படிப்பவர் எந்த நாட்டு மரம் எந்தச் சரிவில் நன்றாக நிழல் தரும் என்று கேட்டறிந்து எழுதலாம். கேட்டறிய வேண்டியது மலைவாழ் முதியவர்களிடம் என்பதையும் நினைவில் வையுங்கள். கற்பிக்கப் போகிறோம் என்று எண்ணிப் போகாதீர்கள்; கற்கவும் போகிறோம் என்று போங்கள்.

ஏற்காட்டுக் காப்பியை அடுத்த முறை நீங்கள் வாங்கும்போது ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: இதை உலர்த்தியவர் யார், வறுத்தவர் யார், எந்த ஊரில்? மலையில் என்பது விடையானால், நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அங்கே ஒரு மரத்தை நிற்கவைக்கிறது. ஒரு சிறுவனைப் பள்ளியில் இருக்கவைக்கிறது. ஒரு குடும்பத்திற்கு அடுத்த அறுவடைவரை காத்திருக்கும் வலிமையைத் தருகிறது. காப்பி மலையிலிருந்து இறங்கட்டும். அதன் வேலை மலையிலேயே தங்கட்டும்.